இரண்டாம் பக்கத்தில் ஆறு கீறல்

ஐயோ, அந்தச் சேர்ல வேணாம் தம்பி, அதுல ஸ்பிரிங்கு வெளிய வந்து கெடக்கு. உங்க பேன்ட் வேற புதுசாட்டம் தெரியுது. இப்படி வந்து உக்காருங்க. ஆங், என்ன கேட்டீங்க? என் தங்கச்சி வெர்லீன் ஏன் கதவ சாத்துனான்னா? சாத்துனதுல என்ன இருக்கு? தொறந்தா பாருங்க, அதுக்கே நீங்க சந்தோஷப்படணும். போன வருஷம் இதே ரெக்கார்டு விஷயமா இன்னொருத்தர் வந்தாரு. அவருக்கு ஜன்னல் திரை லேசா அசைஞ்சத பாக்குற பாக்கியம்தான் கெடச்சுது.

ஹாலந்துலேருந்து வர்றீங்க. ரெண்டு விமானம் மாறி, அப்புறம் பஸ்ஸு புடிச்சு, ஒக்லஹோமாவுக்கு, அதுவும் ஆகஸ்ட்டு மாசத்துல. இந்த வெயிலுக்கு ஓணான் கூட வெளிய தலைகாட்டாது. இதெல்லாம் ஒரு பழைய ரெக்கார்டுக்காக. உங்கம்மா ஒண்ணும் சொல்லலியா? சொன்னாங்களா? வெவரமான அம்மா.

தப்பா எடுத்துக்காதீங்க, ஒண்ணு கேக்குறேன். இந்த பூட்ஸு, இந்தக் குஞ்சம் தொங்குற சட்டை, தலைல இம்புட்டு எண்ணெய், உங்க ஊருல எல்லாருமே இப்படித்தானா? இங்க இப்படி உடுத்துற ஆளு ஒரே ஒருத்தர்தான் இருக்காரு, பழைய கார் விக்கிறவரு. அவரும் டிவி விளம்பரத்துக்கு மட்டும்தான் போடுவாரு, எடுத்து முடிச்சதும் கழட்டிடுவாரு. இல்ல இல்ல, உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு. வாசல்ல பாத்ததும் மாடு எதுவும் தொலஞ்சுபோச்சோன்னு நெனச்சேன், அவ்வளவுதான்.

யாரு முன்னோடி? வெர்லீனா? தம்பி, எங்க தாத்தாதான் முன்னோடி. அந்தக் காலத்துல, மொதல்ல போயி குச்சி நடுறவனுக்கு நெலம்னு சர்க்காரு சொன்னப்ப வண்டி கட்டிக்கிட்டு ஓடுனாங்கள்ல, அதுல ஆரம்பத் துப்பாக்கி சுடுறதுக்கு முன்னாடியே திருட்டுத்தனமா வந்து குச்சி நட்டவரு. அதுக்கு ஊர் நடுவுல அவருக்குக் கல்லு வச்சு பேரு செதுக்கியிருக்காங்க. எங்க வெர்லீன் பண்ணுனதெல்லாம், மைக் முன்னாடி நின்னு தொண்டைய கிழிச்சுக்கிட்டு கத்துனதுதான். அதுக்கு எங்கப்பா அவளுக்கு இருமல் மருந்து வாங்கிக் குடுத்தாரு.

சிரிக்கிறீங்க. நெஜமாத்தான். அந்த ரெண்டாம் பக்கத்துல மொதப் பாட்டு இருக்குல்ல, டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பாக்குற பொண்ணு கோவத்துல எல்லா ஒயரையும் புடுங்கிப் போடுவேன்னு பாடுறது, அதுல மூணாவது அடியில நாய் எலும்ப கவ்விக்கிட்டு உறுமுற மாதிரி ஒரு சத்தம் போடுவா பாருங்க. அப்பா ஒரு தடவ கேட்டாரு. எந்திரிச்சு வண்டிய எடுத்துட்டு மருந்துக்கடைக்குப் போயிட்டாரு. உங்க ஊருல அந்த உறுமலுக்குத்தான் ஜனங்க கை தட்டுறாங்களா? ரெண்டாயிரம் பேரா? ரெண்டாயிரம் பேரும் இந்த மாதிரி சட்டை போட்டுட்டா? கடவுளே.

சரி, அந்த டேப்ப ஓட விடுங்க, மொதல்லேருந்து சொல்றேன். நான் ஓலீட்டா, மூத்தவ. வெர்லீன் என்னைவிட மூணு வயசு சின்னவ. டாக்கெட் சிஸ்டர்ஸ்னு பேரு. எங்க ஊரு ரேடியோ ஸ்டேஷன்ல, சனிக்கிழமை மத்தியானம் பண்ணை நிகழ்ச்சியில, பன்னி வெல சொல்லி முடிச்சு கோதும வெல ஆரம்பிக்கிறதுக்குள்ள எங்களுக்குப் பத்து நிமிஷம். ஒரே மைக்குதான், கன்னத்தோட கன்னம் ஒட்டி நின்னு பாடணும். அவ பாட்டு, நான் கூட ஒட்டிக்கிட்டுப் பாடுற கீழ்க்குரல். ஏழு வருஷம். சும்மா சொல்லக்கூடாது, பன்னி வளக்கிறவங்க மத்தியில எங்களுக்கு நல்ல பேரு.

அப்புறம்தான் அந்த ரெக்கார்டு கம்பெனிக்காரரு வந்தாரு. மேற்குக் கடற்கரையிலேருந்து வந்தவரு, தொப்பியும் சுருட்டுமா. எங்க ரெண்டு பேரையும் பாடச் சொன்னாரு, கண்ண மூடிக்கிட்டே கேட்டாரு. முடிஞ்சதும் கண்ண தொறந்து வெர்லீன மட்டும் பாத்து, நீ தனியா ஒண்ணு பாடும்மான்னாரு. என்னைப் பாத்து, நீங்க போயி ஒரு கிளாஸ் தண்ணி கொண்டு வர்றீங்களாம்மான்னாரு. ரொம்ப மரியாதையான மனுசன்.

அவளுக்கு அப்ப இருபது வயசு. கூட்டிட்டுப் போயி ஒரே மத்தியானத்துல பன்னெண்டு பாட்டையும் பதிவு பண்ணிட்டாங்க. ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் ஆறு. கம்பெனிக்கு ஒரே கொழப்பம். பொண்ணுன்னா புருஷன் ஓடிப்போயிட்டான்னு அழுவணும், கடையில அதுக்குன்னு ஒரு தட்டு இருக்கு, அதுல வைக்கலாம். இவ ஆம்பளப் பசங்க மாதிரி குதிச்சுக் குதிச்சுப் பாடுறாளே, இத எந்தத் தட்டுல வைக்கிறது? அதனால மொதப் பக்கம் பூரா ஒப்பாரி, ரெண்டாம் பக்கம் பூரா கூத்துன்னு பிரிச்சிட்டாங்க. அட்டையில பாத்தீங்கல்ல, இடுப்புவரைக்கும் சர்ச்சுக்குப் போற பொண்ணு. கீழ காலு மட்டும் வேற எங்கயோ போகுது.

அந்த மனுசன் போகும்போது வெர்லீன்கிட்ட தெளிவா சொல்லிட்டுப் போனாரு. உங்க ஊரு ஸ்டேஷன் மூணு மாநிலத்துக்குக் கேக்குது. ரெண்டு வாரம் இந்த ரெக்கார்டு ஓடட்டும். ரெண்டாம் பக்கப் பாட்டப் போடச் சொல்லி அம்பது போஸ்ட்கார்டு வந்துச்சுன்னா அடுத்த ரெக்கார்டு, ஊரு ஊரா கச்சேரி, எல்லாம் உண்டு. வரலைன்னா கை குலுக்கிட்டுப் பிரிஞ்சுக்கலாம். அவ்வளவுதான் பேச்சு. அம்பது கார்டு. எங்க ஊருல கோழிக்கு சீக்குன்னு சொன்னாலே எரநூறு கார்டு வரும்.

நான் அந்த ஸ்டேஷன்லதான் வேலை பாத்தேன், ஆமா. பண்ணை நிகழ்ச்சிக்கு சனிக்கிழமை, மத்த நாளு ஆபீசுல. கடிதம் பிரிக்கணும், ரெக்கார்டு அடுக்கணும், காப்பி போடணும். மேனேஜர் ஆர்லோ கிம்ப்ரல். அறிவிப்பாளர் டூவீ. ரெண்டு பேரும் நாலு வருஷமா பேச்சு வார்த்த கெடையாது. ஏன்னா, கிம்ப்ரல் குடுத்த வேட்டை நாயி டூவீ வீட்டுக்குப் போனதுலேருந்து குரைக்கவே இல்லியாம். அதுக்காக ஒரே கட்டடத்துல, ஒரு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர், நடுவுல நான். மேனேஜர் எழுதுற சீட்ட நான் டூவீகிட்ட குடுப்பேன். டூவீ திட்டுறத நான் கொஞ்சம் நாகரிகமா மாத்தி மேனேஜர்கிட்ட சொல்லுவேன். உங்க நாட்டுத் தூதர்களுக்குக் கூட இம்புட்டு வேலை இருந்திருக்காது.

கிம்ப்ரல் சர்ச்சுல பெரிய பொறுப்புல இருந்தவரு. புதுசா வர்ற ரெக்கார்டையெல்லாம் அவருதான் மொதல்ல கேப்பாரு. பீரு வந்தா கூடாது. கட்டிலு வந்தா கூடாது. பேபின்னு ஒரு பாட்டுல ரெண்டு தடவ வரலாம், மூணாவது தடவ வந்துச்சுன்னா போச்சு. வெரல மடக்கி மடக்கி எண்ணுவாரு, நானே பாத்திருக்கேன். கூடாதுன்னா நடுவுல இருக்குற லேபிள்ல, அந்தப் பாட்டுப் பேருக்குப் பக்கத்துல சிகப்புப் பென்சில்ல ஒரு பெருக்கல் குறி. அப்புறம் ரெக்கார்டு எங்கிட்ட வரும். நான் ட்ராயர்லேருந்து ஆணிய எடுத்து அந்தப் பாட்டு மேல குறுக்க ஒரு இழு இழுத்துடுவேன். ஆமா, ஆணிதான், பலகை அடிக்கிற ஆணி. கீறிட்டா அப்புறம் எந்த அறிவிப்பாளரும் மேனேஜருக்குத் தெரியாம போட்டுட முடியாதுல்ல, ஊசி எகிறிடும். எங்க ஸ்டேஷன்ல மட்டும்னு நெனச்சுடாதீங்க, பல எடத்துல இந்தப் பழக்கம் உண்டு. மூஞ்சிய ஏன் இப்படி வச்சுக்கிறீங்க? உங்களுக்கு அது பொக்கிஷம். எங்களுக்கு அது வாரத்துக்கு ரெண்டு பெட்டி வரும்.

அதேதான், நீங்க மடியில வச்சிருக்கீங்களே, அதேதான். ஸ்டேஷன் முத்திரை இருக்கு பாருங்க ஓரத்துல. துல்சா பழைய சாமான் சந்தையிலயா கெடச்சுது? ஸ்டேஷன மூடுனப்ப பெட்டி பெட்டியா அள்ளிட்டுப் போனாங்க. மொதப் பக்கம் புதுசு மாதிரி இருக்குல்ல? அத நாங்க நல்லா ஓட்டுனோம். டூவீ தெனம் மூணு மணிக்குப் புது ரெக்கார்டு போடுவாரு, நம்ம ஊருப் பொண்ணு நம்ம ஊருப் பொண்ணுன்னு சொல்லிச் சொல்லி அந்த ஒப்பாரிய போட்டாரு. ஜனங்களும் கேட்டாங்க. பாவம் நல்லா அழுவுறா, யாரு புருஷன்னு விசாரிச்சுட்டு அவங்கவங்க வேலைய பாக்கப் போயிட்டாங்க. கார்டு மொத்தம் மூணு. அதுல ஒண்ணு எங்க அத்தை எழுதுனது.

ரெண்டாம் பக்கம் ஒரு தடவ கூட வரல. ஆறு பாட்டும் கீறியிருந்தா எப்படி வரும்? டூவீ எடுத்துப் பாத்தாரு, கீறலப் பாத்தாரு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த மேனேஜர ஒரு மொறை மொறச்சாரு, ரெக்கார்ட திருப்பி வச்சுட்டாரு. கேட்டுடலாம்ல? கேக்க மாட்டாரு. நாயி குரைக்கலியே.

வெர்லீன் என்ன பண்ணுனான்னா, அந்த ரெண்டு வாரமும் மூணு மணி ஆனதும் அப்பாவோட பிக்கப் வண்டியில போயி உக்காந்துக்குவா. வீட்டு ரேடியோ சமையக்கட்டுல இருந்துச்சு, அங்க அம்மா பக்கத்துல நின்னு மூஞ்சியவே பாக்குறாங்கன்னு. வெயிலு கொளுத்துது. கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு, வண்டிய ஸ்டார்ட் பண்ணாம, ரேடியோவ மட்டும் போட்டுக்கிட்டு ரெண்டு மணி நேரம். நான் அஞ்சரைக்கு வீடு திரும்புறப்ப சட்ட பூரா வேர்வையில நனஞ்சு முதுகோட ஒட்டிப்போயி நிப்பா. ஒண்ணும் கேக்க மாட்டா, என் மூஞ்சிய பாப்பா. நாலாவது நாளுதான் வாயத் தொறந்து கேட்டா, ரெண்டாம் பக்கம் ஏன் வரலைன்னு. கிம்ப்ரல் சிகப்பு போட்டுட்டாருன்னு சொன்னேன். நேர்ல போயி அவருகிட்ட பேசிப் பாக்குறேன்னா. வேணாம்டி, நீ போயி கெஞ்சுனா என் வேலைக்கும் வேட்டு வச்சிடுவாருன்னேன். போகல. அக்கா பேச்சு கேக்குற பொண்ணு.

ரெண்டு வாரம் முடிஞ்சுது. கம்பெனிக்காரரு போன் பண்ணாரு. ரொம்ப மரியாதையா பேசுனாரு.

அப்புறம் என்ன? பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்துல வேலைக்குச் சேந்தா. இருபத்தேழு வருஷமா மசிச்ச உருளைக்கெழங்க கரண்டி கரண்டியா தட்டுல அப்புறா. சோளமாவுல பொரட்டிப் பொரிச்ச வெண்டைக்கா வியாழக்கெழம. ஊருல பாதிப் பேரு அவ கையால சாப்ட்டு வளந்தவங்கதான், ஒருத்தனுக்கும் தெரியாது இவ ரெக்கார்டு போட்டவன்னு. கல்யாணம் ஆச்சு, அவன் ஓடியும் போயிட்டான். மொதப் பக்கத்துல பாடுனதெல்லாம் அப்படியே நடந்துச்சு, பாருங்க, ஒரு பாட்டு விடாம.

இப்பப் பாடுறாளான்னா கேக்குறீங்க? ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கு வருவா. என் பக்கத்துலதான் நிப்பா. பாட்டுப் புத்தகத்த எனக்கும் தெரியுற மாதிரி நடுவுல புடிச்சுக்குவா. எல்லாரும் பாடுறப்ப அவ உதடும் அசையும். சத்தம் வராது. பாதிரியாருக்கு இன்னி வரைக்கும் தெரியாது, பக்கத்துல நிக்கிற எனக்குத் தெரியும். டாக்கெட் சிஸ்டர்ஸ் திரும்பவும் சேரவே இல்ல. எவ்வளவோ தடவ கேட்டுட்டேன். பண்ணை நிகழ்ச்சியில அந்தப் பத்து நிமிஷத்த உர மூட்டை விளம்பரத்துக்குக் குடுத்துட்டாங்க.

அக்டோபர்ல உங்க ஊருக்கு அவள வரவைக்கணும்ங்கிறீங்க. மேடை, லைட்டு, பின்னாடி வாசிக்க ஆளு, எல்லாம் தயார். டிக்கெட்டு பாதி போயிடுச்சா? கேக்கவே இல்லாம டிக்கெட்ட வித்துட்டீங்களா! உங்களுக்கும் அந்தச் சுருட்டுக்காரருக்கும் ஒண்ணும் பெரிய வித்தியாசமில்ல தம்பி, நீங்க எண்ணெய் தடவியிருக்கீங்க, அவ்வளவுதான். எங்கிட்ட எதுக்கு வந்தீங்க அப்ப? நான் போயி எடுத்துச் சொல்லணுமா?

கொஞ்சம் இருங்க. அவளே அனுப்பினாளா?

என்ன சொன்னா? இல்ல, சரியா அவ சொன்னத அப்படியே சொல்லுங்க. இந்த ரெக்கார்ட அவ கையில குடுத்தீங்க. சரி. வாங்கிப் பாத்தா. மூக்குக்கண்ணாடி போட்டுக்கிட்டாளா? உள்ள போயி எடுத்துட்டு வந்து போட்டுக்கிட்டாளா. ஓஹோ. ரெண்டாம் பக்கம் திருப்பி, கட்டை வெரலால கீறல ஒண்ணொண்ணா தடவிப் பாத்தா. லேபிள்ல வெளிச்சம் படுற மாதிரி சாய்ச்சுப் பாத்தா. அப்புறம்? அப்புறம், எங்க அக்காகிட்ட போயி கேளுங்கன்னு சொல்லிட்டு கதவ சாத்துனா.

சத்தமா சாத்துனாளா? மெதுவாவா. ம்.

அந்த ஐஸ் டீய குடிங்க, ஐஸெல்லாம் கரைஞ்சு வெறும் தண்ணியா போயிடும்.

லேபிள்லயா? ஆமா, சிகப்புக் குறி இல்லதான். நீங்களும் பாத்துட்டீங்களா? பென்சில்தானே, இருபத்தேழு வருஷத்துல அழிஞ்சு கிழிஞ்சு போயிருக்கும். அப்படியும் சொல்லலாம். எங்க ஸ்டேஷனோட இன்னொரு ரெக்கார்டு உங்ககிட்ட இருக்கே, அதுல சிகப்பு பளிச்சுனு இருக்குதான், அதுவும் அதே வருஷத்து ரெக்கார்டுதான். நல்லா கவனிச்சுப் பாக்குறீங்க. ஹாலந்துல வேற பொழுதுபோக்கே கெடையாதா?

அந்தப் புத்தகம் அச்சுக்குப் போயிடுச்சா? நீங்க மறுபடியும் போட்டு விக்கப்போற ரெக்கார்டோட வச்சுக் குடுக்குற அந்தச் சின்னப் புத்தகம். திங்கக்கெழம போகுதா? அதுல கிம்ப்ரலப் பத்தி என்னமோ எழுதியிருக்கேன்னு வாசிச்சுக் காட்டுனீங்களே வந்ததும், நான் கூட சிரிச்சேனே. மதவெறி புடிச்ச மேனேஜர் ஒருத்தர் ஒரு மேதையின் குரல நெரிச்சாருன்னு. நல்லாத்தான் எழுதுறீங்க. அந்த வரிய அடிச்சிடுங்க.

அந்தாளு நாலு வருஷத்துக்கு முன்னாடி போயிச் சேந்துட்டாரு. சாவுக்கு ஊரே போச்சு, வெர்லீன் போகல. அவரு உயிரோட இருந்தப்பவும் ஒரு வார்த்த பேசுனதில்ல. மளிகைக்கடையில அவரு இந்த வரிசையில வந்தா இவ அந்த வரிசைக்குப் போயிடுவா. ஒரு நாளு அவரு எங்கிட்ட வந்து, தொப்பிய கையில புடிச்சுக்கிட்டு, ஓலீட்டா, உன் தங்கச்சிக்கு நான் என்னம்மா கெடுதல் பண்ணேன்னு கேட்டாரு. அவளுக்கு எல்லாரு மேலயும் கோவம், நீங்க மனசுல வச்சுக்காதீங்கன்னு சொல்லி அனுப்பிச்சேன். நம்பிட்டாரு. நல்ல மனுசன்.

அவரு அந்த ரெக்கார்ட என் கண்ணு முன்னாடிதான் கேட்டாரு. பேபி எத்தன தடவ வருதுன்னு வெரல மடக்குனவரு, ரெண்டாம் பக்கம் பாதியில எண்ணுறதையே விட்டுட்டாரு. மேசைக்கடியில காலு தாளம் போட்டுச்சு. முடிஞ்சதும், இந்தப் பொண்ணு எங்கயோ போகப்போகுது ஓலீட்டா, டூவீகிட்ட சொல்லு, தெனம் போடட்டும்னு சொன்னாரு. சீட்டு எழுதிக் குடுத்தாரு. அத நான் டூவீகிட்ட குடுக்கவே இல்ல, ரெண்டாம் பக்கம் ஏன் வரலைன்னு அவரு கேட்டப்ப டூவீ போட மாட்டேங்கிறாருன்னுட்டேன். சிகப்புப் பென்சில கையில எடுக்கவே இல்ல.

ஆறு கீறல். உருளைக்கெழங்கு தோலு சீவுற நேரம் கூட ஆகல.

இல்ல, அழுவல, கண்ணு எரியுது. டேப்ப நிறுத்தாதீங்க. ஏன்னு கேக்குறீங்களா? போயிட்டான்னா நான் என்ன பண்றது சொல்லுங்க? தனியா நான் பாடுனா அதுக்குப் பேரு பாட்டா? ஓடலைன்னா திரும்பி வந்துடுவா, சனிக்கெழம பத்து நிமிஷம் பழையபடி நிப்போம்னு நெனச்சேன். திரும்பி வந்தா. நெனச்ச மாதிரியே வந்தா. மூணு தெரு தள்ளி இருக்கா. எனக்கு அவ மேல அம்புட்டு ஆசை தம்பி, அம்புட்டு பொறாமையும். ரெண்டுல எது ஆணிய எடுத்துச்சுன்னு இன்னி வரைக்கும் எனக்கே தெரியல.

போயிச் சொல்றேன், சொல்லித்தானே ஆகணும். அவ வருவாளா மாட்டாளான்னு எங்கிட்ட கேக்காதீங்க, டிக்கெட்டு வித்தது நீங்க. மொதல்ல நீங்க அந்தப் பேனாவ எடுங்க. மேனேஜர் பேர அடிச்சுட்டு, அந்த எடத்துல எழுதுங்க. ஓலீட்டா டாக்கெட். ஒவ்வொரு எழுத்தா பாத்து எழுதுங்க. பன்னெண்டு பாட்டுல ஒண்ணுல கூட என் பேரு வரல, இதுலயாவது தப்பில்லாம வரட்டும்.